ஆன் செய்ததும் ஃபியூஸ் போகிறது: ஸ்லோ-ப்ளோ எத்தனை ஆம்பியர் போடுவது?

கேள்வி இது. வீட்டிலேயே கட்டிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். 300 விஏ டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், செகண்டரி 35-0-35 வோல்ட். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜுக்குப் பிறகு பக்கத்துக்கு இரண்டாக, 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் நான்கு. பிரைமரியில், அதாவது மெயின்ஸ் பக்கச் சுருளில், 2 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ். ஓட ஆரம்பித்துவிட்டால் மணிக்கணக்கில் பாடுகிறது. ஆனால் ஐந்தாறு தடவை ஆன் செய்தால் ஒரு தடவை, சுவிட்சைத் தட்டிய அந்தக் கணத்திலேயே, ஃபியூஸ் போய்விடுகிறது. கடைக்காரர் "5 ஆம்பியர் போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்கிறார். நண்பர் "ஸ்லோ-ப்ளோ போடு" என்கிறார். எதைக் கேட்பது?

நண்பரைக் கேளுங்கள். ஸ்லோ-ப்ளோ என்றால் சட்டென்று போகாமல் கொஞ்சம் தாமதித்துப் போகும் ஃபியூஸ். ஆனால் அவர் பாதிதான் சொல்லியிருக்கிறார்; எத்தனை ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. என் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: சாஃப்ட் ஸ்டார்ட் (ஆன் செய்யும் கணத்தில் மட்டும் கரண்ட்டை அடக்கிவைக்கும் சர்க்யூட்) ஒன்று கட்டி, டி 2 ஆம்பியர் போடுங்கள்; டி என்பது ஸ்லோ-ப்ளோவின் குறி. சாஃப்ட் ஸ்டார்ட் வேண்டாம் என்றால் டி 2.5, அதிகபட்சம் டி 3.15. அதற்கு மேல் போகாதீர்கள். ஏன் என்பது இனி.

எதையும் வாங்கப் போவதற்கு முன்னால் போன ஃபியூஸ்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குப்பையில் போட்டிருந்தால் அடுத்ததையாவது பத்திரமாக வையுங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து, கம்பி நடுவில் மட்டும் அறுந்து இரு முனையிலும் சின்ன உருண்டை தெரிந்தால், கொஞ்சமே கூடுதலான கரண்ட்டில் போயிருக்கிறது. குழாயின் உள்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் பளபளத்தோ, மை பூசியதுபோலக் கறுத்தோ இருந்தால் பெரிய ஷார்ட். அப்படிக் கறுத்திருந்தால் ஃபியூஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். முதலில் பிரிட்ஜையும் அவுட்புட் டிரான்சிஸ்டரையும் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான்: 100 வாட் குண்டு பல்பைச் சீரியஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து ஓரிரு நொடியில் மங்கினால், அது தொடக்கச் சர்ஜ், ஆன் செய்த கணத்தில் மட்டும் பாய்ந்துவிட்டு அடங்கும் கரண்ட். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். உங்கள் செட் மணிக்கணக்கில் பாடுகிறது என்பதால் முதல் வகை என்றே வைத்துக்கொள்கிறேன்.

சரி, சர்ஜ் எங்கிருந்து வருகிறது? இரண்டு இடத்திலிருந்து. முதலாவது டிரான்ஸ்ஃபார்மரே. ஏசி அலை உச்சியில் இருக்கும்போது சுவிட்ச் போட்டால் கோரில் (சுருள் சுற்றிய இரும்பில்) காந்தப்புலம் வழக்கமான அளவுக்கே ஏறும், ஒன்றும் ஆகாது. அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் போட்டால் அந்த முதல் அரைச்சுற்று முழுவதும் புலம் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகும். வழக்கமான உச்சத்தைப்போல இரண்டு மடங்கு கேட்கும். போன தடவை ஆஃப் செய்தபோது கோரில் தங்கிவிட்ட மிச்சக் காந்தம் அதே திசையில் இருந்தால் அதுவும் சேரும். அவ்வளவைக் கோர் தாங்காது, நிறைந்துவிடும். கோர் நிறைந்த பிறகு பிரைமரி வெறும் செம்புக் கம்பிதான், அதன் ஓம் மட்டும்தான் கரண்ட்டைத் தடுக்கும். பழைய ஈ-ஐ தகடு டிரான்ஸ்ஃபார்மரில் தகடுகள் சேரும் இடத்தில் மெல்லிய காற்று இடைவெளி இருப்பதால் மிச்சக் காந்தம் அதிகம் தங்காது. டொராய்டில் அந்த இடைவெளியே இல்லை. அதனால்தான் ஓசை குறைவு, திறன் அதிகம் என்று வாங்குகிற டொராய்டு இந்த ஒரு விஷயத்தில் முரடு.

ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை மட்டும் போவதன் காரணமும் இதுதான். உங்கள் விரல் சுவிட்சைத் தட்டும் கணம் அலையில் எங்கே விழுகிறது என்பது சீட்டுக் குலுக்கல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 விஏ என்றால் முழு லோடில் 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர். பிரைமரியை மல்டிமீட்டரில் அளந்தால் இந்த அளவு டொராய்டில் நாலைந்து ஓம் காட்டும்; 4.5 என்று வைப்போம். வீட்டு வயரிங், கார்டு எல்லாம் சேர்த்து இன்னும் 1 ஓம். மெயின்ஸின் உச்சம் 325 வோல்ட். 325-ஐ 5.5-ஆல் வகுத்தால் 59 ஆம்பியர். கோர் நிறைவதற்குள் அலை உச்சியைத் தாண்டிவிடும் என்பதால் அவ்வளவு வராது, 50 என்று எடுத்துக்கொள்வோம். ஆக 1.3 ஆம்பியர் செட், முதல் சில மில்லிசெகண்டில் 50 ஆம்பியர் இழுக்கிறது.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். 50 ஆம்பியர் வருகிறதென்றால் 2 ஆம்பியர் ஃபியூஸ் எப்படி நிற்கும் என்று கேட்டு, ஆம்பியர் எண்ணை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஃபியூஸ் கம்பி உருகுவது வெப்பத்தால். சூடாக நேரம் வேண்டும். மேலே அச்சடித்த ஆம்பியர், அது ஓடிக்கொண்டிருக்கும்போது சுமப்பது. சர்ஜைத் தாங்குவது வேறொரு எண்: கரண்ட்டை அதனாலேயே பெருக்கி, எத்தனை செகண்ட் ஓடியதோ அதனால் மறுபடி பெருக்கினால் வருவது. ஐ ஸ்கொயர் டி என்பார்கள், அலகு ஆம்பியர் ஸ்கொயர் செகண்ட். சர்ஜின் ஐ ஸ்கொயர் டி ஒரு பக்கம், கம்பி உருகத் தேவையான ஐ ஸ்கொயர் டி இன்னொரு பக்கம். எது பெரியது என்பதுதான் போட்டி.

உங்கள் சர்ஜின் பங்கு: 50 ஆம்பியர் உச்சம், 5 மில்லிசெகண்ட், அரை சைன் வடிவம். 50 × 50 × 0.005, அதில் பாதி, 6.25 வருகிறது. அடுத்தடுத்த சுற்றுகளில் குறைந்துகொண்டே வரும் துடிப்புகளையும் சேர்த்து 10 என்று வைக்கலாம்.

இரண்டாவது இடம் கெப்பாசிட்டர்கள். காலியான கெப்பாசிட்டர் முதல் கணத்தில் ஷார்ட்தான். இதற்கு எனக்குப் பிடித்த குறுக்கு வழி ஒன்று உண்டு: கெப்பாசிட்டரில் கடைசியில் சேரும் சக்தியை, வழியில் இருக்கும் மொத்த ஓமால் வகுத்துவிடுங்கள், ஐ ஸ்கொயர் டி கையில் வந்துவிடும். உங்கள் செட்டில் பக்கத்துக்கு 20,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். பக்கத்துக்கு 25 ஜூல், மொத்தம் 50. செகண்டரியின் ஓமைப் பிரைமரிக்கு மாற்றிச் சேர்த்தால் மொத்தம் 10 ஓம் அளவு வரும். 50-ஐ 10-ஆல் வகுத்தால் 5. முன்னே சொன்ன 10-உடன் கூட்டினால் 15. ஆனால் இரண்டும் ஒன்றாக முழு வேகத்தில் வராது. கெப்பாசிட்டர் அலையின் உச்சியில் இழுக்கும், கோர் அலை இறங்கிய பிறகு நிறையும். முதலாவது இழுக்கும்போது கம்பியில் வோல்ட் விழுவதால் இரண்டாவதன் உச்சமும் குறையும். 12 என்று எடுத்துக்கொள்கிறேன். இது ரொம்ப மோசமான கணத்தில் வரும் எண். பல தடவை இதில் பாதிகூட வராது.

இப்போது ஃபியூஸின் பக்கம். 5-க்கு 20 மில்லிமீட்டர் கண்ணாடி ஃபியூஸின் மூடியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆம்பியர் எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். எஃப் என்றால் வேகமானது, டி என்றால் தாமதமானது. இரண்டுமே ஜெர்மன் சொற்களின் முதலெழுத்து: ஃப்லிங்க், ட்ரேக. இந்த எழுத்தே இல்லாத ஃபியூஸை மெயின்ஸ் பக்கத்தில் நான் போடுவதில்லை. உங்களிடம் இருப்பது எஃப் என்றுதான் நினைக்கிறேன்.

ஐஇசி 60127 என்கிற சர்வதேசத் தரம், அச்சடித்த ஆம்பியரைப்போல 10 மடங்கு கரண்ட் விட்டு இவற்றைச் சோதிக்கச் சொல்கிறது. அந்த 10 மடங்கில் எஃப் 20 மில்லிசெகண்டுக்குள் போய்விட வேண்டும். கண்ணாடி டி 20 மில்லிசெகண்ட் வரை போகவே கூடாது. 300 மில்லிசெகண்டுக்குள் போக வேண்டும். ஆக, எஃப்பின் எல்லை முடியும் இடத்தில்தான் டி-யின் எல்லை தொடங்குகிறது. 2 ஆம்பியருக்கு 10 மடங்கு 20. 20 × 20 × 0.02 போட்டால் 8. எஃப் 2 ஆம்பியர் மிஞ்சிப் போனால் 8 தாங்கும், டி 2 ஆம்பியர் குறைந்தது 8 தாங்கும். மோசமான கணத்தில் உங்கள் சர்ஜ் 12, மற்ற நேரங்களில் அதற்குள். ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை எஃப் 2 போவதில் ஆச்சரியமே இல்லை, சரியாகத்தான் வேலை செய்கிறது.

இதே கணக்கில் டி 2.5-க்கு குறைந்தது 12.5. டி 3.15-க்கு கிட்டத்தட்ட 20. இவை தரம் கேட்கும் அடிமட்டம். நல்ல கம்பெனி ஃபியூஸின் தரவுத்தாளில் இருக்கும் எண் பெரும்பாலும் இதற்கு மேலேதான் இருக்கும். அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். துடிப்பு மிகக் குட்டையாக இருந்தால் டி ஃபியூஸின் தாங்கும் திறன் கொஞ்சம் இறங்கும் என்பதால் விளிம்பில் நிற்கிற எண்ணை நம்ப வேண்டாம்.

விளிம்பில் நிற்கக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு, பலரும் மறப்பது இதைத்தான். ஃபியூஸ் கம்பி ஒவ்வொரு சர்ஜிலும் சூடாகி நீண்டு, ஆறிச் சுருங்குகிறது. உருகாவிட்டாலும் தளர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதேதான். தயாரிப்பாளர்கள் சொல்லும் பொதுக்கணக்கு: 100 சர்ஜ் தாங்க வேண்டுமானால் சர்ஜ் ஃபியூஸின் உருகு எண்ணில் 48 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 1,000-க்கு 38, 10,000-க்கு 29, லட்சம் தடவைக்கு 22. அதுவும் ஒரு சர்ஜுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆற 10 நொடியாவது கிடைத்தால்.

உங்கள் 12 எல்லாத் தடவையும் வராது. ஆயிரம் தடவை மோசமான கணம் அமையும் என்று வைத்தால் 12-ஐ 0.38-ஆல் வகுக்க வேண்டும்: 32 அளவு வரும். ஆக, தரவுத்தாளில் 32-க்கு மேல் எண் போட்ட டி 2.5 கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் டி 3.15. கணக்கு முடிந்தது.

முடிந்ததா? இல்லை. இப்போது மறுபக்கத்தையும் பாருங்கள். ஐஇசி கணக்கில் ஒரு ஃபியூஸ் தன் ஆம்பியரைப்போல ஒன்றரை மடங்கை ஒரு மணி நேரம் சுமந்தாக வேண்டும். டி 3.15 என்றால் 4.7 ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் ஆயிரம் விஏ-க்கு மேல், உங்கள் 300 விஏ டிரான்ஸ்ஃபார்மருக்குள். ஃபியூஸ் கமுக்கமாக உட்கார்ந்திருக்கும், வார்னிஷ் வாசனை வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் சொன்ன 5 ஆம்பியர் என்றால் 7.5 ஆம்பியர் ஒரு மணி நேரம். பாதியளவு ஷார்ட் ஆன டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து தீரும் வரை அது போகாது. ஃபியூஸ் கட்டையில் மூன்று இழைச் செம்புக் கம்பி சுற்றுகிற அதே வேலைதான், கொஞ்சம் நாகரிகமாக.

அதனால்தான் சாஃப்ட் ஸ்டார்ட் என்கிறேன். 150 ஓம், 5 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் மூன்றைப் பேரலலில் போட்டால் 50 ஓம். அதைப் பிரைமரிக்குச் சீரியஸில் வைத்து, அரை செகண்ட் கழித்து ஒரு ரிலே அதை ஷார்ட் செய்யும்படி கட்டுங்கள். உச்சக் கரண்ட் 50 ஆம்பியரிலிருந்து 6 ஆம்பியருக்கு இறங்கிவிடும். டி 2 சுகமாக நிற்கும். பாட்டுக்கு மட்டும் என்றால் சராசரி லோடு குறைவு என்பதால் டி 1.6-கூட நிற்கும். ஒரு எச்சரிக்கை: ரிலே இழுக்காமல் போய்விட்டால் லோடு முழுக்க அந்த ரெசிஸ்டர் வழியாகவே ஓடும். 1 ஆம்பியர் ஓடினாலே 50 வாட். 15 வாட் ரெசிஸ்டர் தீப்பொறி பறக்கும், ஆனால் 1 ஆம்பியரில் எந்த ஃபியூஸும் அசையாது. ரெசிஸ்டரோடு ஒட்டி, அளவுக்கு மீறிச் சூடானால் கரண்ட்டை அறுக்கும் தெர்மல் கட்-ஆஃப் ஒன்று வையுங்கள்.

செகண்டரியில் பிரிட்ஜுக்குப் பிறகு பக்கத்துக்கு ஒரு ஃபியூஸ் தனியாக வைப்பதும் நல்லது. டிரான்சிஸ்டர் போனால் அதுதான் முதலில் போக வேண்டும், பிரைமரி ஃபியூஸ் கடைசி வாசல். ஆனால் செகண்டரியில் டிசி ஓடுகிறது. ஏசி ஒவ்வொரு அரைச்சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடுவதால் ஆர்க் தானே அணையும். டிசிக்கு அந்த வசதி இல்லை. மூடியில் 250 வோல்ட் என்று இருந்தால் அது ஏசிக்கு. டிசிக்கு எவ்வளவு என்று தனியே பாருங்கள்.

மூடியில் இன்னோர் எழுத்தும் இருக்கும்: எல் அல்லது எச். ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் எத்தனை ஆம்பியரைப் பத்திரமாக அறுக்கும் என்பது அது. எல் என்றால் 35 ஆம்பியர், அல்லது தன் ஆம்பியரின் 10 மடங்கு, இரண்டில் எது பெரிதோ அது. எச் என்றால் 1,500. வீட்டு பிளக் பாயிண்ட்டில் முழு ஷார்ட் விழுந்தால் சில நூறு ஆம்பியர் தாராளமாக வரும். கண்ணாடிக் குழாய் எல் அப்போது வெடித்துச் சிதறலாம், இல்லையென்றால் உள்ளே படிந்த உலோக ஆவியிலேயே கரண்ட் தொடர்ந்து ஓடலாம். எனவே மெயின்ஸ் பக்கம் மணல் நிரப்பிய செராமிக் எச் வகையையே நான் போடுவேன். ஒன்றைக் கவனியுங்கள்: செராமிக் டி-க்குத் தரம் கேட்கும் அடிமட்ட நேரம் கண்ணாடியைவிடக் குறைவு. மேலே போட்ட 8, 12.5, 20 கணக்கு கண்ணாடிக்கானது. செராமிக் வாங்கினால் தரவுத்தாளின் ஐ ஸ்கொயர் டி எண்தான் பேசும்.

அப்புறம், அமெரிக்க யூஎல் தரத்து ஃபியூஸ் கையில் கிடைத்தால் ஆம்பியரை அப்படியே ஒப்பிடாதீர்கள். அதன் கணக்கு வேறு: 135 சதவீதத்திலேயே ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். யூஎல் ஃபியூஸை அதன் எண்ணில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது வழக்கம்.

இதே கேள்வியை எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்மோட் பவர் சப்ளை) கட்டுகிறவர்களும் கேட்பார்கள் என்பதால் அதையும் தொட்டுவிடுகிறேன். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் தொல்லை இல்லை, மெயின்ஸ் கெப்பாசிட்டர் மட்டும்தான். 100 மைக்ரோஃபாரட், 325 வோல்ட், 5.3 ஜூல். வழியில் 5 ஓம் என்டிசி (சூடாகச் சூடாக ஓம் குறையும் ரெசிஸ்டர்), மற்றவை 1 ஓம். 5.3-ஐ 6-ஆல் வகுத்தால் 0.9. லட்சம் தடவைக்கு 22 சதவீதம், 4 தேவை. டி 1.6-இன் அடிமட்டமே 5. பிரச்சினை இல்லை. ஆனால் நம் ஊரில் கரண்ட் போய் மூன்று நொடியில் திரும்பி வரும். என்டிசி ஆற ஒரு நிமிடமாவது ஆகும். சூடாக இருக்கும்போது அது அரை ஓம்தான். அந்த மூன்று நொடியில் செட் கெப்பாசிட்டரைக் காலி செய்திருந்தால் 5.3-ஐ 1.5-ஆல் வகுக்க வேண்டும்: 3.5. நாலு மடங்கு. டி 1.6 ஒரு தடவை, பத்துத் தடவை தாங்கும். மின்வெட்டுக் காலம் முழுக்கத் தாங்காது. "ஆறு மாதம் ஓடிச்சு, இப்ப சும்மா இருக்கும்போதே ஃபியூஸ் போகுது" என்று வருகிற செட்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

மோட்டார் வேறு கதை. அது ஆறேழு மடங்கு கரண்ட்டைச் செகண்ட் கணக்கில் இழுக்கும்; அதற்கு இந்தக் குட்டி ஃபியூஸ் எதுவும் ஆகாது. ஓவர்லோட் ரிலேயும் அதற்கேற்ற எச்ஆர்சி (பெரிய ஷார்ட்டையும் பத்திரமாக அறுக்கும்) ஃபியூஸும்தான்.

இன்னொன்று: எல்லா எஃப்பையும் டி-யாக மாற்றிவிடக் கிளம்பாதீர்கள். மல்டிமீட்டருக்குள் இருப்பது, தைரிஸ்டருக்கு முன்னால் இருப்பது எல்லாம் வேகமாகப் போவதற்கென்றே வைத்தவை. அங்கே டி போட்டால் ஃபியூஸைக் காப்பாற்றக் கருவி போய்விடும்.

வாங்கும்போது மூடியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கடையில் டி 2 ஆம்பியர் என்று அச்சடித்த பத்து ஃபியூஸ் வாங்கி வந்து, ஒன்று ஆன் செய்ததும் போனதால் மற்றவற்றை லென்ஸில் பார்த்தேன். பத்திலும் மயிரிழை போல நேரான ஒற்றைக் கம்பி. டி ஃபியூஸின் உள்ளே நூல்போன்ற ஒன்றின் மேல் ஸ்பிரிங் மாதிரிச் சுற்றிய கம்பியோ, நடுவில் சின்ன ஈயப் பொட்டு வைத்த கம்பியோ பெரும்பாலும் இருக்கும். பொட்டு அழகுக்கு இல்லை. நீண்ட நேரம் கூடுதல் கரண்ட் ஓடினால் அந்தப் பொட்டு உருகிக் கம்பியோடு கலந்து, கம்பி தன் உருகுநிலைக்கு வெகு முன்பே அறுந்துவிடும். சட்டென்று வந்து போகும் சர்ஜுக்குக் கலக்க நேரம் இருக்காது. 1939-லேயே மெட்காஃப் என்பவர் எழுதி வைத்த விஷயம். கண்ணாடி ஃபியூஸின் ஒரே நன்மை, இதையெல்லாம் கண்ணால் பார்த்து வாங்கலாம் என்பதுதான். செராமிக்கில் அது முடியாது. பெயருள்ள கம்பெனியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஹோல்டரையும் ஒரு கை பாருங்கள். கிளிப் தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகி, சரியான ஃபியூஸும் அற்பாயுசில் போகும். ஃபியூஸை மாற்றும்போது கிளிப்பை லேசாக நெருக்கிவிடுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகு. எல்லாம் முடிந்ததும் ஹோல்டர் பக்கத்தில் டி 2 ஆம்பியர் எச் 250 வோல்ட் என்று எழுதி ஒட்டி, அதே ஃபியூஸ் இரண்டைக் கேபினட்டுக்குள் டேப் போட்டு வையுங்கள். அடுத்து அந்தக் கேபினட்டைத் திறக்கப் போகிறவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.